பின்வரிசை மூலை

வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தபோது, அந்த வேலைக்கு என்ன பெயர் என்பதில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. உத்தரவில் இங்கிலீஷில் நீளமாக ஏதோ போட்டிருந்தது. மாணவிகள் டிரில் டீச்சர் என்றார்கள். வாட்ச்மேன் 'விசில் அம்மா' என்றார். கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்த அம்மாள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "உங்களுக்கு இன்னா, குதிச்சா சம்பளம்" என்றாள். இந்தப் பெயர்கள் எதற்கும் நான் கோபித்துக்கொள்ளவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கோபித்துக்கொண்டேன்.

நான் ஆம்பூர்க்காரி. அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தார். தோல் ஷாப்பு என்றால் செருப்புக் கடை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கம் தோல் பதனிடும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன், சென்னையில் உடற்பயிற்சிக்குப் பயிற்சி எடுத்தேன், சுதந்திரம் வந்த பிறகு சில வருஷம் பள்ளிக்கூடங்களில் கையைத் தூக்கு, காலை மடக்கு என்று கத்திக்கொண்டிருந்தேன். ஐம்பதுகளின் நடுவில் கல்லூரிக்கு வந்தேன். அப்பா அதற்குள் தவறிவிட்டார். அம்மா மட்டும், "பொம்பளப் பசங்கள பந்து அடிக்க வெச்சா சம்பளம் தர்றாங்களா" என்று கடைசி வரைக்கும் நம்பாமலே இருந்தாள்.

நான் சேர்ந்த அன்று கல்லூரியில் விளையாட்டுச் சாமான் என்று இருந்தவை இரண்டு ரப்பர் வளையமும் ஒரு கயிறும்தான். வாலிபால் வேண்டும் என்று பிரின்சிபாலம்மாவிடம் கேட்டேன். அவர் கண்டிப்பானவர், ஆனால் கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளும் ரகம். "சேலை கட்டிக்கிட்டு எப்படி ஆடுவாங்க?" என்றார். "கட்டிக்கிட்டுத்தான் ஆடுவாங்கம்மா, கட்டாம ஆட முடியாதே" என்றேன். வாய் முந்திவிட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த மாதம் பந்தும் நெட்டும் வந்து இறங்கின. அந்தத் துடுக்குக்கு வேறு யாராவது என்னை ஆம்பூருக்கே ரயில் ஏற்றி அனுப்பியிருப்பார்கள். அதை நினைத்தால் இப்போதும் அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்தக் காலத்துப் பந்து முழுத்தோல். உள்ளே காற்றடைக்கிற ரப்பர் பிளாடர், வாயில் நாடா கட்டித் தைத்திருக்கும். நாடா முடிச்சு முன்கையில் பட்டால் நாலு நாள் சிவந்து கிடக்கும். டவுனில் இருந்து வந்த பெண் ஒருத்தியின் தாயார், மகள் தோலைத் தொட்டுவிட்டு வருகிறாள் என்று, கொல்லைப்புறமாகக் கூப்பிட்டுக் குளிக்க வைத்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவார். ஊர் முழுக்கத் தோலை வைத்துச் சோறு தின்கிறது, இந்த அம்மாளுக்குப் பந்து ஆகவில்லை. முதலில் எனக்குச் சுருக்கென்றது. அப்பாவின் கைகள் ஞாபகத்துக்கு வந்தன. ஆனால் அந்தப் பெண் ஒரு நாள்கூட ஆட்டத்துக்கு வராமல் இருந்ததில்லை. அந்தத் தாயாரும் ஒரு நாள்கூடப் போகாதே என்று சொன்னதில்லை, தினமும் வெந்நீர் மட்டும் போட்டு வைத்தார். அப்புறம் அவர்மேல் எனக்கு மரியாதைதான் வந்தது.

அப்போதெல்லாம் எங்கள் பக்கம் வாலிபால் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடுவது. மூன்று மூன்று பேராக மூன்று வரிசை. முன்வரிசைக்காரி கடைசி வரைக்கும் முன்வரிசை, பின்வரிசைக்காரி கடைசி வரைக்கும் பின்வரிசை. இடம் மாறாது. இதனால் ஆட்டத்தில் என்ன லாபம் நஷ்டம் என்பது வேறு விஷயம். எனக்கு இதில் ஒரு பெரிய வசதி இருந்தது, அது ஒரே ஒரு பெண்ணுக்காக.

அவளும் ஆம்பூர்தான். அவள் அப்பாவை, அவர்கள் வீட்டுப் பேச்சில் அத்தாவை, ஆம்பூரில் எல்லோருக்கும் தெரியும். அங்கே சொந்தமாகத் தோல் ஷாப்பு வைத்திருந்தார், வேலூரில் பதனிடாத பச்சைத்தோலுக்குக் கிடங்கும் உண்டு. மகள் வேலூரில் அவர் தங்கை வீட்டில் தங்கி, திரை போட்ட ஜட்காவில் கல்லூரிக்கு வருவாள். அவர்கள் ஜனங்களில் பெண்ணைக் கல்லூரி வரை அனுப்பியவர்கள் அப்போது மிகவும் கம்மி. சேர்க்கும்போதே அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: வெளி ஆம்பிளை கண்ணில் பெண் படக்கூடாது. பட்டதாகப் பேச்சு வந்தால் அன்றோடு படிப்பு நின்றுவிடும்.

எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் ரோடு. காம்பவுண்டுச் சுவர் இடுப்பளவுதான். சாயங்காலம் ஆனால் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓசியில் ஆட்டம் பார்க்க ஒரு கூட்டம் நிற்கும். நான் விசிலை ஊதினால் போவார்கள், ஊதி முடித்தால் வருவார்கள். வேறு இடம் கேட்டால் பிரின்சிபாலம்மா பின்பக்கத்துக் கிணற்றைக் காட்டினார், அதை விட்டால் காலி இடம் இல்லை. அதனால் அந்தப் பெண்ணை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், லேபரட்டரிச் சுவரை ஒட்டிய பின்வரிசை மூலையில் நிறுத்தினேன். பக்கம் மாறும்போது அவளையும் வலது இடது மாற்றி, மறுபடி ரோட்டுக்கு எட்டாத மூலைக்கே அனுப்புவேன். அவளுக்கு முன்னால் எட்டுப் பேர். முழுக்கை ஜம்பர், சல்வார், தலைத்துணியைப் பின்னால் முடிச்சுப் போட்டிருப்பாள். சுவரில் இருந்து பார்த்தால் அங்கே ஒருத்தி இருப்பதே தெரியாது. பந்துக்கு மட்டும் தெரியும். அந்த மூலைக்குப் போன பந்து கீழே விழுந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் எங்களையெல்லாம் சென்னைக்குக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டு, இனிமேல் உலகமெல்லாம் ஆடுகிற மாதிரி ஆறு பேர் ஆட்டம்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு பேர், சுற்றி வரவேண்டும். சர்வீஸ் நம் கைக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொருத்தியும் ஓர் இடம் நகரவேண்டும். பின்னால் நின்றவள் முன்னால் வந்தே ஆகவேண்டும். மற்ற கல்லூரிக்காரர்கள் எல்லாம் பயிற்சியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு ஊருக்குப் போனார்கள். நான் வழியெல்லாம் அந்த இடுப்பளவுச் சுவரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

காலையில் ரோடு விழிக்கும் முன்பு பயிற்சியை வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு காலையில்தான் அந்தப் பெண் முதல் முறையாக நெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நல்ல உயரம். இவ்வளவு நாள் மூலையில் குனிந்து குனிந்து பந்தெடுத்ததில் அவள் உயரம் எனக்கே மறந்திருந்தது. ஒருத்தி பந்தைத் தூக்கிக் கொடுத்தாள். இவள் எழும்பி அடித்தாள். பந்து எதிர்ப்பக்கம் தரையில் பட்டு, சுவர் தாண்டி ரோட்டில் போய் விழுந்தது. அவள் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "இன்னொண்ணு குடுங்க டீச்சர்" என்றாள்.

சுவருக்குத் திரை கட்டலாம் என்று பார்த்தோம். குடியாத்தத்தில் இருந்து வந்த நெசவுக்காரர் வீட்டுப் பெண் கட்டுக் கட்டாக லுங்கித் துணி கொண்டு வந்தாள். மூங்கில் நட்டு, கூடாரத்தைச் சுற்றிக் கட்டுகிற கனாத்து மாதிரி கட்டினோம். அதுவரை சைக்கிள்காரர்கள் மட்டும்தான் நின்றார்கள். திரை போட்டதும் உள்ளே என்னவோ நடக்கிறது என்று ஜட்காவையே நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவன் பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தான். மலைக்காற்றில் துணியும் நிற்கவில்லை. பிரின்சிபாலம்மா வெளியே வந்து, "இது காலேஜா, கல்யாண வீடா?" என்றார். அவிழ்த்துவிட்டோம்.

சென்னைக் கல்லூரி ஒன்று எங்கள் மைதானத்துக்கு ஆட வருவதாக முடிவாகியிருந்தது. உயரமான பெண்களில் மூன்று பேருக்குக் கல்யாணமாகிப் போய்விட்டது. இவள் இல்லாவிட்டால் தோல்வி நிச்சயம். ஆனால் தோற்றால் ஒரு சாயங்காலம்தான் போகும். இவளை இறக்கி, எவனாவது பார்த்துவிட்டு பஜாரில் வாய் விட்டால், அவள் படிப்பே போகும். அதனால் அவளை வெளியில் உட்கார வைப்பது என்று முடிவு செய்து, அவளிடமே சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. "நீங்களா முடிவு பண்ணாதீங்க டீச்சர். அத்தாகிட்ட வந்து கேளுங்க. வேணாம்னு அவர் சொல்லட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் பிரசங்கம் முடிந்ததும் பஸ் ஏறி ஆம்பூருக்குப் போனேன். பெரிய வீடு. அவள் அத்தா வெள்ளைச் சட்டை, கைலி, தோளில் துண்டோடு வந்தார். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"டீச்சரம்மாவுக்கு எந்த ஊரு?"

"இதே ஊருதான் பாய். எங்கப்பா சுண்ணாம்புத் தொட்டியில வேல பாத்தார்." பிறகு தெரிந்து முகம் மாறுவதைவிட, முதலிலேயே மாறட்டும் என்று சொல்லிவிட்டேன்.

எந்த ஷாப்பு என்று கேட்டார். சொன்னேன். "அங்க தொட்டி வேல கஷ்டம் ஜாஸ்தி" என்றார். உள்ளே குரல் கொடுத்தார். டீ வந்தது, அவருக்கு வந்த அதே பூப்போட்ட கோப்பையில் எனக்கும். அந்த ஊரில் எனக்கு எந்தெந்த வீட்டில் எந்தெந்தக் குவளையில் டீ கொடுத்தார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் அந்தக் கோப்பையை நான் மறக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பின்னாடியே நிக்க வெச்சா இன்னா?"

"சட்டம் மாறிடுச்சு பாய். சுத்தி வரணும். முன்னாடி வரலன்னா பாயிண்ட் போய்டும்."

"வேற பொண்ணு இல்லியா?"

"இருக்கு. இந்த மாதிரி இல்ல."

கதவுத் திரைக்குப் பின்னால் இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "தூக்கத்துல கூட கைய கைய தூக்கறா டீச்சரம்மா. லீவுக்கு வந்தா பக்கத்துல படுக்க முடியல." அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. வரவிடவில்லை.

சுவர் எவ்வளவு உயரம், ரோட்டுக்கும் கோட்டுக்கும் எவ்வளவு தூரம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், தோல் வாங்குகிறவர் புரட்டிப் பார்க்கிற மாதிரி. அம்பயர் யார் என்றார். வயதான பள்ளிக்கூட வாத்தியார், ஆம்பிளைதான் என்று மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் துண்டின் ஓரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். "அவர் வேலைக்கு வர்றவர். வேடிக்கை பாக்க வர்றவர் இல்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

பிறகு என்னைப் பார்த்து, "காலேஜுல சேக்கும்போதே எங்க ஜனங்க பேஜார் பண்ணாங்க டீச்சரம்மா. சமாளிச்சேன். நாளைக்கு ஒருத்தன் ரோட்டுல நின்னு உன் பொண்ண பாத்தேன்னு சொன்னா, என்னால சமாளிக்க முடியாது. படிப்ப நிறுத்தணும்னு எனக்கு ஆசையில்ல. நிறுத்த வெச்சிடுவாங்க" என்றார். வாசல் வரை வந்தார். "யோசிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான்.

ஆட்ட நாள் வரை அங்கிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

சென்னைப் பெண்கள் வந்து இறங்கினார்கள். எல்லோரும் ஒரே நிறத்தில் பாவாடையும் சட்டையும் போட்டு மிடுக்காக இருந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்தவள் என்னோடு பயிற்சி எடுத்தவள்தான், என்னைவிட நல்ல விசில் வைத்திருந்தாள். சுவரோரம் வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம், ஒருவன் வறுத்த கடலை விற்கவே ஆரம்பித்துவிட்டான். எங்கள் பெண் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, லேபரட்டரிச் சுவர் நிழலில் நின்றாள்.

"அத்தா இன்னா சொன்னார்?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல டீச்சர். வேணாம்னு சொல்லல."

"சரின்னும் சொல்லல."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளுக்குப் பதிலாக வேறொருத்தியை நிற்கச் சொல்லிவிட்டு, அம்பயரிடம் பெயர் கொடுக்கப் போனேன். கோபம் வந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும், அன்று யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

பெயரைச் சொல்ல வாயைத் திறந்தபோது வாடை வந்தது.

பச்சைத்தோல் வாடை எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனால் இது ஒரு வண்டி வாடை அல்ல. ரோட்டில் மாட்டு வண்டிகள் வந்துகொண்டிருந்தன. கலவை, திமிரி ஊர்ச் சந்தைகளில் இருந்து கிடங்குக்குப் போகும் வண்டிகள், உப்புப் போட்ட தோலை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். கிடங்குக்குப் போகாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வந்து நின்றன. இடைவெளி இல்லாமல் ஒன்றின் பின்னால் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு, மறுபக்கம் போய், மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்கள். வேடிக்கைக் கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு கலைந்தது. கடலைக்காரன்தான் கடைசியாகப் போனான்.

பிரின்சிபாலம்மா சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, வண்டியை எடுக்கச் சொல்லி வாட்ச்மேனை அனுப்பினார். அவர் போய்விட்டு வந்து, "மாடு மூச்சு வாங்குதாம்மா" என்றார். பிறகு, "எல்லா மாடும் ஒண்ணா வாங்குதாம்" என்றார்.

இரண்டு வண்டிக்கு நடுவில் துளி சந்து தெரிந்தது. அதை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைச் சட்டை முதுகு நின்றது. தோளில் துண்டு. அவரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. தன் பெண்ணோடு மற்றவர் வீட்டுப் பெண்களும் ஆடுகிறார்கள், அவர்களை மட்டும் பார்க்கலாமா என்று நினைத்திருப்பார்.

அவள் அந்த முதுகைப் பார்த்தாள். தலைத்துணி முடிச்சை இறுக்கினாள். நான் கூப்பிடுவதற்கு முன்பே கோட்டுக்குள் நடந்து வந்து, நான் நிறுத்தியிருந்த பெண்ணின் தோளைத் தொட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அம்பயரிடம் நான் பெயர் சொன்ன குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் மறுபடி கேட்டார்.

முதல் செட்டை நாங்கள் ஊதித் தள்ளிவிட்டோம் என்றுதான் சொல்லவேண்டும். சென்னைப் பெண்கள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஆடினார்கள். அவர்களைக் கூட்டி வந்த என் தோழி அம்பயரிடம் போய் முறையிட்டாள். அவர் சட்டப் புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, வாடையைப் பற்றி ஒன்றும் போடவில்லை என்றார். எங்கள் பெண் ஒருத்தி, "இன்னா வாடை டீச்சர், எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்று நிஜமாகவே கேட்டாள். அவள் பேர்ணாம்பட்டு, அங்கேயும் தெருவுக்குத் தெரு தோல் ஷாப்பு.

சுற்று வந்து அவள் முதல் தடவையாக முன்வரிசையில், ரோட்டுப் பக்கத்து மூலையில் வந்து நின்றபோது என் கண் சுவர்ப் பக்கம் போயிற்று. அவளும் சுவர்ப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். அங்கே தோல் அடுக்கு மட்டும்தான் இருந்தது. பந்து உயர்ந்து வந்தது. அவள் எழும்பினாள். அந்த அடியைப் பற்றி நான் என்ன எழுதினாலும் அது குறைவாகத்தான் இருக்கும். எதிர்ப்பக்கத்துப் பெண் மூக்கில் இருந்த கையை எடுத்துவிட்டாள்.

கை எடுத்ததும்தான் எங்களுக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது. இரண்டாவது செட்டுக்குள் அவர்களுக்கு வாடை பழகிவிட்டது. நன்றாக ஆடினார்கள். ஆறு பேர் ஆட்டம் அவர்களுக்கு எங்களைவிட முன்பே கைவந்திருந்தது. கடைசி செட் இழுபறியாகப் போய் நாங்கள் தோற்றோம். எங்கள் பெண்கள் தோற்றவர்கள் மாதிரியே இல்லை. எல்லோரும் அவளைச் சுற்றி நின்று, அவள் சிவந்த உள்ளங்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

அந்த வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தேன். கோப்பைகளும் வந்தன. மாலைகளும் போட்டார்கள். எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ செய்திருக்கிறார்கள், நன்றி சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. ஆனால் அன்று நான் சுவரை நோக்கி நடந்தபோது இருந்த நிறைவு, ஜெயித்த எந்த நாளிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அவர் இன்னும் முதுகைத் திருப்பாமல் நின்றுகொண்டிருந்தார். வெயிலில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, "பாய், ஆட்டம் முடிஞ்சிடுச்சு" என்றேன். "தோத்துட்டோம்" என்றேன்.

"அப்படியா" என்றார். அதே பக்கம் பார்த்தபடி கேட்டார். "நடுநடுவுல ஒரு சத்தம் கேட்டுச்சே டீச்சரம்மா. மத்த அடி மாதிரி இல்லாம, பலமா. அது யாரு?"

"உங்க பொண்ணுதான்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு வண்டிக்காரர்களைப் பார்த்து மாட்டைப் பூட்டச் சொன்னார்.

"அடுத்த ஆட்டம் எந்தக் கிழமைன்னு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி அனுப்புங்க" என்றார். "சந்தையில வண்டிக்குச் சொல்லி வெக்கணும்."